நிரல்மொழியில் உம்மையும் எச்சமும்



நிரல்மொழி ஒன்றைப் படைக்கப் புகுவோர் ஆழ்ந்து எண்ண வேண்டிய சொற்களுள் மிகச் சிறியவை இரண்டு. ஒன்று ‘உம்’, மற்றொன்று ‘அல்லது’. இவ்விரண்டிற்கும் எவ்வடிவம் கொடுப்பது என்பதே இன்று என் உரைப்பொருள். சிறு சொல்தானே என எண்ணற்க! சிறு சொல்லிலே நேர்ந்த குழப்பம் பெருநிரல்களையும் முறித்ததுண்டு.

ஆங்கிலக் கணக்கறிஞர் சார்ச்சு பூல் என்பார் 1854-இல் வெளியிட்ட நூலில் ஏரணத்தை இயற்கணிதமாகவே வகுத்துக் காட்டினார். அக்கணக்கில் ‘அ-வும் ஆ-வும்’ என்றாலும், ‘ஆ-வும் அ-வும்’ என்றாலும் பொருள் ஒன்றே. தாளில் எழுதும் கணக்கிற்கு அது போதும். கணினியோ ஒவ்வொரு கூற்றையும் இயக்கிப் பார்த்தே மெய்யா பொய்யா என அறிகிறது. இயக்கம் என வந்துவிட்டால் முன்பின் உண்டு. இடையில் முறிதலும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ‘ஆள்தொகை சுழியன்று’ என்பது முதற்கூற்று. ‘பொருளை ஆள்தொகையால் வகுத்த ஈவு பத்தினும் மிகுதி’ என்பது இரண்டாங்கூற்று. இரண்டையும் உம்மையால் இணைக்கிறோம். ஆள்தொகை சுழியாயின் முதற்கூற்று பொய். அந்நிலையிலேயே முழுதும் பொய் எனத் துணிந்துவிடலாம். துணியாது இரண்டாங்கூற்றையும் இயக்கினால், சுழியால் வகுக்க நேர்ந்து நிரல் முறியும். நூறு உறுப்புகளே உள்ள பட்டியலில் நூற்றோராம் உறுப்பைத் தொட முயல்வதும் இத்தகைய இடரே. ஆக, முதற்கூற்று இரண்டாவதற்குக் காவலாய் நிற்கிறது. விடை கிட்டியவுடன் எஞ்சியதைத் தொடாது நிற்கும் இம்முறையைக் குறுக்குவழி மதிப்பீடு எனலாம். ‘அல்லது’ என்பதில் முதற்கூற்று மெய்யானவுடன் நின்றுவிடும்.

இலிசுப்பு மொழியைப் படைத்த சான் மெக்கார்த்தி 1960-இலேயே இதனைத் தெளிவுபடுத்தினார். முதற்கூற்று பொய்யாகவும் இரண்டாவது மதிப்பே இல்லாததாகவும் இருப்பின், அவ்வரிசையில் விடை பொய். வரிசையை மாற்றினால் விடையே இல்லை எனக் காட்டினார். இத்துணைத் தெளிவு அன்றே இருந்தும் பின்வந்த மொழிகள் தடுமாறின. நிக்கலாசு விர்த்து 1970-இல் வெளியிட்ட பாசுகல் மொழியைப் பாருங்கள். அதன் 1983-ஆம் ஆண்டுப் பன்னாட்டுச் சீர்தரம், இரண்டாங்கூற்றை இயக்குவதும் விடுவதும் மொழிமாற்றி செய்வோரின் விருப்பம் என விட்டுவிட்டது. ஒரு கணினியில் செவ்வனே ஓடிய நிரல் மற்றொன்றில் முறிந்தால், குற்றம் யாருடையது? எழுதியவனுடையதா? ஐயத்திற்கு இடம் வைத்த இலக்கணத்தினுடையதன்றோ!

சி மொழியின் கதை வேறு. அதன் முன்னோடியான பி மொழியில் & என்னும் ஒரே குறி இருவேலை செய்தது. ஓரிடத்தில் இரும இலக்கங்களை ஒவ்வொன்றாக இணைத்தது. ‘எனின்’ என்னும் நிலைமொழியில் குறுக்குவழி உம்மையாக நின்றது. இடம் நோக்கிப் பொருள் மாறும் இக்குழப்பத்தைத் தீர்க்கவே, ஆலன் சுனைடர் என்பாரின் கருத்தின்படி, தெனிசு இரிட்சி && , || என்னும் தனிக்குறிகளைச் சேர்த்தார். ஆயினும் பழைய நிரல்கள் கெடலாகாதெனப் பழைய & குறியை, நிகரா என வினவும் == குறிக்குப் பின்னேயே வைத்தார். அதனால் ‘அ & ஆ == இ’ என எழுதின், முதலில் ஆ-வும் இ-யும் ஒப்பிடப்படும்; எழுதியவன் எண்ணியதோ வேறு! அவ்வரிசையை மாற்றியிருத்தலே நன்று என இரிட்சியே 1993-இல் எழுதினார். பிழையை வேரோடு களையாமல் பாதியில் விட்டதன் விளைவை, சி-யின் வழிவந்த மொழிகளுட் சில இன்றும் சுமக்கின்றன.

இனி, நன்னெறி காட்டிய மொழி ஒன்றைக் கூறுவேன். 1983-இல் சீர்தரம் பெற்ற அடா மொழியில், ‘அண்டு’ என்றால் இருகூற்றும் இயங்கும். ‘அண்டு தென்’ என்றால் முதலது மெய்யானால் மட்டுமே அடுத்தது இயங்கும். உம்மையையும் ‘அல்லது’ என்பதையும் பிறைக்கோடு இன்றிக் கலந்தெழுதவும் அம்மொழி இசையாது.

இவ்வேறுபாடு தமிழறிந்தோர்க்குப் புதிதன்று. உம்மைக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள் கூறினார். அவற்றுள் எண்ணும்மை இருபுறமும் ஒத்து நிற்பது. ‘அண்ணனும் தம்பியும் வந்தனர்’ என்பதைத் திருப்பிச் சொன்னாலும் பொருள் கெடாது. வினையெச்சமோ முன்பின் உடையது. ‘கதவைத் திறந்து உள்ளே புகுந்தான்’ என்பதைத் திருப்ப முடியுமா? திறவாத கதவினுள் புகுவதெங்ஙனம்? பூல் வகுத்தது எண்ணும்மை. மெக்கார்த்தி வகுத்தது எச்சத்தை ஒத்தது. இரண்டிற்கும் ஒரே வடிவைக் கொடுத்துவிட்டுப் பொருளை ஊகித்துக் கொள் என்பது முறையாகாது.

‘எல்லா உம்மையும் குறுக்குவழியே எனக் கொண்டால் ஒரே சொல் போதுமே’ என்பார் உளர். பைத்தான் அவ்வாறே செய்கிறது. அதுவும் ஏற்கத்தக்கதே, ஆனால் அவ்வுறுதி மொழியின் இலக்கணத்திலேயே எழுதப்பெறல் வேண்டும்.

ஆதலின், நிரல்மொழி படைப்போரிடம் நான் வேண்டுவன மூன்று. இரண்டாங்கூற்று இயங்குமா இயங்காதா என்பதை வடிவே காட்டுக. அன்றேல் இலக்கணம் உறுதி கூறுக. இரும இலக்கக் குறியை ஏரணக் குறியோடு மயங்க விடற்க. கலந்து எழுதுமிடத்துப் பிறைக்கோட்டைக் கட்டாயமாக்குக. சாவாசுகிரிப்ட்டில் 2020-இல் ?? என்னும் புதுக்குறி சேர்க்கப்பட்டபோது, அதனை && , || ஆகியவற்றோடு பிறைக்கோடின்றிக் கலத்தலைத் தடுத்தனர். பட்டறிந்தோர் செய்த முடிவு அது.

நிரலை ஒருமுறை எழுதுகிறோம். பலர் பன்முறை படிக்கின்றனர். படிப்போரை ஐயுற வைக்காத சொல்லே நற்சொல். அத்தகு சொல்லை ஆக்குவோம்!