இரண்டு மின்சாரம், ஒரே சந்திப்பு

ரயில்வே கேட்டில் காத்திருந்து அலுத்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனால் ரயில் தண்டவாளத்தை டிராம் தண்டவாளமே குறுக்கே வெட்டிச் சென்றால்?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அப்படிச் சில சந்திப்புகள் உண்டு. 1919-இல் அங்கே புறநகர் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு 1500 வோல்ட். டிராமுக்கோ வெறும் 600. இரண்டுக்கும் தலைக்கு மேலே கம்பி. குறுக்கிடும் இடத்தில் கம்பியும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அதனால் அந்தச் சிறு துண்டுக் கம்பியைத் தனியே பிரித்து வைத்தார்கள். ரயில் வந்தால் 1500, டிராம் வந்தால் 600 என்று மின்சாரத்தையே மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கெட்டிக்கார வேலைதான்! ஆனால் நேரம் போனது. கிளென் ஹன்ட்லி என்ற சந்திப்பில் ரயில்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தன. தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சக்கரங்கள் தடதடக்கும் சத்தம் வேறு.

இந்தச் சிக்கலைத் தீர்க்க, கார்டினர் சந்திப்பில் 2016-இலும், கிளென் ஹன்ட்லியில் 2023-இலும் ரயில்பாதையைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். அதன்பின் மிஞ்சியவை கூயோங், ரிவர்ஸ்டேல் என்ற இரண்டு மட்டுமே.