நர்சம்மா எத்தனை தடவை எழுதுவார்?

(ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களும் கிராம மக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் 'பிக்மி நம்பர்' என்ற பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். 12 இலக்க எண். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அது வேணும். பிள்ளை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். அதனால் நம்மில் பலர் அதைப் பணத்துக்கும் சான்றிதழுக்குமான நம்பர் என்றே நினைத்துவிட்டோம்.

அதன் உண்மையான பயன் வேறு. நம் ஊர் வழக்கத்தையே பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண் கிளம்பிவிடுகிறாள். ஆறேழு மாதமாக இரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்த்த செவிலியர் ஓர் ஊரில். பிரசவம் பார்க்கப் போகும் மருத்துவர் வேறு மாவட்டத்தில். அட்டை புகுந்த வீட்டு பீரோவில். அந்தப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே என்பது வலி எடுத்து வந்து நிற்கும்போதுதான் தெரியுமென்றால், இரத்தம் ஏற்பாடு செய்ய நேரம் ஏது? நம்பரைத் தட்டினால் முழு விவரமும் வரணும். அதுக்காகத்தான் கணினியே.

வரணும்னா யாராவது ஏற்றியிருக்கணும் இல்லையா?

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, கர்ப்பிணிகள் பரிசோதனை, வீடு வீடாகப் போவது எல்லாம் அங்குள்ள கிராம சுகாதார செவிலியர் தலையில். கணினி வந்தபிறகும் நோட்டு போகவில்லை. பதிவேட்டில் எழுதியதையே மறுபடி கணினியில் ஏற்றணும். பகலில் நெட் இழுக்கும்; ராத்திரி சமையலை முடித்துவிட்டு உட்காருவார். பணியாளர்களுக்குக் கணினிப் பழக்கம் இல்லை, அதான் தாமதம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியூர்ப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறவருக்கு இது பெரிய வித்தையா? ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதச் சொன்னால், இரண்டாவதை யார்தான் கவனமாக எழுதுவார்? போன மாத இரத்த அழுத்தம் இந்த மாதக் கட்டத்தில் அப்படியே வந்து உட்காரும். வெற்றுக் கட்டத்தைவிட அதுதான் ஆபத்து.

பெயர் இன்னொரு சிக்கல். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். லட்சுமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். ஒரே பெண் இரண்டு ஆளாகப் பதிவாகிவிட்டால் பாதி விவரம் அங்கே, பாதி இங்கே.

அப்புறம் ஓடிபி. வீட்டில் ஒரே போன், அதுவும் வேலைக்குப் போன கணவர் கையில். செவிலியர் திண்ணையில் காத்திருக்க, அவர் எங்கோ கட்டட வேலையில் சாரத்தின் மேல் நிற்பார்!

அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். புதிய செயலி ஒன்றைக் கொடுக்கும்போது, எந்தப் பதிவேட்டை இன்றோடு மூடுகிறோம் என்பதையும் அதே உத்தரவில் எழுதுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்துவைத்து, பிறகு தானாகவே ஏறும் வசதி கட்டாயம் வேணும். ஏற்றிய தகவல் மேலே அறிக்கையாகப் போனால் மட்டும் போதாது. இந்த வாரம் யாரைப் போய்ப் பார்க்கணும் என்ற பட்டியலாகச் செவிலியர் கைக்கே திரும்பி வரணும். அப்போது பாருங்கள், யாரும் விரட்டாமலே பதிவு நடக்கும்.

இனி நீங்கள். வீட்டிலேயே இருக்கும் போனின் நம்பரைக் கொடுங்கள். ஆதாரில் உள்ள எழுத்துப்படியே பெயரைச் சொல்லுங்கள். தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது இங்குள்ள நர்சம்மாவிடம் சொல்லிவிட்டு, அங்கே போனதும் அந்த ஊர் நர்சம்மாவிடம் பிக்மி நம்பரைக் காட்டுங்கள். அட்டையை மறக்காமல் கூட எடுத்துப் போங்கள். கரண்ட் போனாலும் அது பேசும். 14 இலக்க 'ஆபா' எண்ணைப் பற்றியும் கேட்கிறீர்கள். அது விருப்பப்பட்டு எடுப்பது. அது இல்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லி யாராவது உங்களைப் பார்க்காமல் திருப்பி அனுப்பினால், அங்கேயே மருத்துவ அலுவலரைக் கேளுங்கள். முதலில் பரிசோதனை. பதிவைத் தாளில் குறித்துவைத்து அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.