நாளைய பள்ளி நூலகம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து ஆண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி நூல்களைப் பற்றியே பேசிவரும் அவை இது. நூல்களை எழுதியவர்களும் ஆராய்ந்தவர்களும் இம்மேடையில் பலமுறை உரையாற்றியிருக்கிறார்கள். நூல்களைக் காப்பவன் ஒருவன் இங்குப் பேச வந்திருப்பது இன்றுதான் என்று எண்ணுகிறேன். பள்ளியில் பாடம் நடத்துவதோடு நூலகப் பொறுப்பையும் கூடுதலாகச் சுமக்கும் எளிய ஆசிரியன் நான். 'காப்பவன்' என்ற சொல்லை அறிந்தேதான் சொன்னேன். அந்தச் சொல்லில்தான் நம் பள்ளி நூலகங்களின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

நான் பொறுப்பேற்ற நாளில், எனக்கு முன்னிருந்த பெரியவர் ஒரு சாவிக் கொத்தையும் இரண்டு பதிவேடுகளையும் ஒப்படைத்தார். "பதினோரு ஆண்டுகளில் ஒரு நூல்கூடத் தொலையவில்லை" என்றார். அவர் குரலில் பெருமிதம் இருந்தது. அவர் சென்றபின் பதிவேடுகளைப் புரட்டினேன். இருப்புப் பதிவேட்டில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. வழங்கு பதிவேட்டில் நான்கு பக்கங்கள்கூட நிறையவில்லை. நூல்கள் தொலையாத காரணம் அப்போது விளங்கிற்று. வெளியே செல்லாத பொருள் எப்படித் தொலையும்?

அவரைக் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. ஏனெனில், அடுத்த நான்கு ஆண்டுகள் நானும் அதையே செய்தேன். கண்ணாடிக் கதவுள்ள மர அலமாரிகளில் நூல்கள் வரிசையாக நின்றன. சாவி என் பையில் கிடந்தது. பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும், அதன்பின் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் மேல்தட்டில் இருந்தன. குழந்தைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட அந்தக் களஞ்சியத்தைக் குழந்தைகள் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தார்கள். கேட்ட பிள்ளைகளிடம் "தேர்வு முடியட்டும்" என்பேன். தேர்வு முடிந்தால் விடுமுறை வந்துவிடும்.

இதற்குக் காரணம் அச்சம். ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு உண்டு. ஒரு நூல் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். விலையைப் பொறுப்பாசிரியர் கட்ட வேண்டும் என்பதே வழக்கம். பூட்டி வைத்தவருக்குப் பாராட்டு. திறந்து வைத்தவருக்குத் தண்டம். இந்நிலையில் எந்த ஆசிரியர்தான் திறப்பார்?

ஐந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒன்று நிகழ்ந்தது. சுவரோரம் ஈரம் ஏறி, அலமாரியின் பின்பலகை வழியாகக் கரையான் புகுந்தது. நான் கதவைத் திறந்தபோது கீழ்த்தட்டு முழுவதும் மண்ணாகியிருந்தது. அறுபது நூல்களுக்குக் குறையாது. இருப்புப் பதிவேட்டில் 'கரையான் அரித்தது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதை யாரும் வினவவில்லை. ஒரு காசு கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு மாணவி ஒரு நூலைத் தொலைத்தால் அது குற்றம். அறுபது நூல்களைக் கரையான் தின்றால் அது இயற்கை! நான் இத்தனை நாள் யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்? கரையானுக்காகவா?

அவையோரே! இந்த வினாவுக்கு விடையைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் நம் மண்ணின் மைந்தர். அவரும் ஆசிரியராக இருந்து நூலகரானவரே. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர் 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்டார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஆளரவமற்ற அந்த அறையின் தனிமை தாளாது, மீண்டும் வகுப்பறைக்கே அனுப்புமாறு வேண்டினார். முதலில் இங்கிலாந்து சென்று பயின்று வருமாறு அறிவுறுத்தப்பட்டார். அங்கே, ஓர் ஊரின் சிறுவர்களும் தொழிலாளர்களும் இல்லத்தரசிகளும் தத்தம் நூலகத்தைத் தம் வீடுபோல் பயன்படுத்துவதைக் கண்டார். திரும்பி வந்தவர் வகுப்பறையை மீண்டும் கேட்கவில்லை.

1931ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் முதலாவது, நூல் என்பது பயன்படுவதற்காக இருக்கிறது என்பதாகும். கேட்பதற்கு எளிய செய்திதான். ஆனால் ஐரோப்பாவில் இடைக்காலத்தில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஹெரிபோர்டு பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகத்தை இன்றும் காணலாம். அது அங்கே காட்சிப் பொருளாகிவிட்டது. நம் பள்ளிகளிலோ அச்சங்கிலி பூட்டு என்ற வடிவில் இன்றும் உயிரோடிருக்கிறது. அங்காவது சங்கிலியின் நீளத்துக்கு நூலை எடுத்துப் படிக்க முடிந்தது!

நான் பூட்டைத் திறந்தேன். பெருஞ்செயல் என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். வெட்கம் தாளாமல் செய்த செயல் அது. அலமாரிக் கதவுகளைக் கழற்றினோம். வகுப்புக்கு இருவராக மாணவர் குழு அமைத்தோம். வழங்கு பதிவேட்டை அவர்களே எழுதினார்கள். அவ்வாண்டில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு முறை நூல்கள் வீட்டுக்குச் சென்றன. ஆண்டிறுதியில் ஒன்பது நூல்கள் வரவில்லை.

அந்த ஒன்பதில் ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் மும்முறை கேட்டும் நூல் வரவில்லை. நான்காம் முறை சற்றுக் கடிந்தே கேட்டேன். தலைகுனிந்தபடி, "அம்மா இன்னும் முடிக்கவில்லை ஐயா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள்" என்றாள். வயல் வேலை முடிந்து வந்து, இரவில் நாளுக்கு இரண்டு பக்கமாக அந்தத் தாய் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். தவணை கடந்த நூல் என்று என் பதிவேட்டில் சிவப்பு மையால் நான் குறித்திருந்த அந்த வரியைப் போல் என்னைத் தலைகுனிய வைத்தது வேறொன்றில்லை.

ஒன்பதில் நான்கு திரும்பின. ஐந்து திரும்பவே இல்லை. அவற்றின் விலையை நான் கட்டினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நூலகத்தைத் திறந்து வைப்பதற்கு ஓர் ஆசிரியரின் ஊதியம் விலையாகக் கூடாது. நல்லெண்ணத்தை நம்பி ஓர் அமைப்பு நடக்க இயலாது, விதி வேண்டும். அத்தகைய விதி நம் நாட்டிலேயே இருக்கிறது. நடுவண் அரசின் பொது நிதி விதிகள், 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலும், ஓராண்டில் வழங்கப்படும் அல்லது எடுத்துப் படிக்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரையிலான இழப்பை இயல்பானதாக ஏற்கலாம் என்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருத்தலாகாது என்பது நிபந்தனை. அக்கணக்கின்படி எங்கள் ஆயிரத்து இருநூறு வழங்கல்களுக்கு ஆறு நூல்கள் இயல்பான இழப்பு. நாங்கள் இழந்தவை ஐந்து. இந்த விதியின் நுட்பத்தைக் காணுங்கள்! எவ்வளவு நூல்கள் இருக்கின்றன என்பதைக் கொண்டன்றி, எவ்வளவு நூல்கள் படிக்கப்பட்டன என்பதைக் கொண்டே அது இழப்பை அளக்கிறது. படிக்கக் கொடுக்காதவருக்கு அதில் சலுகையே இல்லை.

நாளைய பள்ளி நூலகம் பற்றிய என் கனவின் முதற்படி இதுவே. நம் பள்ளி ஒவ்வொன்றுக்கும் இத்தகைய விதி எழுத்தில் வேண்டும். அது ஒவ்வொரு பொறுப்பாசிரியரின் கையிலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஒன்று பல பள்ளிகளில் உண்டு. அது கணக்குப் பாடத்துக்கோ அறிவியல் பாடத்துக்கோ கடனாகப் போய்விடும், கடன் திரும்புவதில்லை. நூலகப் பாடவேளை பாடத்துக்குப் பகையன்று. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எப்பாடமும் எளிது. அந்த ஒரு மணி நேரத்தில் வினாவும் தேர்வும் மதிப்பெண்ணும் நுழையலாகாது.

மூன்றாவது, ஆள். 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஏற்ற பள்ளி நூலக அறிக்கை, நூலகர் தகுதி பெற்றவராகவும் ஆசிரியர்களோடு இணைந்து செயல்படுபவராகவும் இருக்க வேண்டும் என வலியுறுத்துகிறது. நூலகம் அறிந்தவர் கற்பித்தல் அறியாமலும், கற்பிப்பவர் நூலகம் அறியாமலும் இருப்பது நம் நிலை. இரண்டும் அறிந்த ஆசிரிய நூலகர் என்னும் பணியிடம் வேண்டும். கூடுதல் பொறுப்பு என்பது எப்போதும் கடைசிப் பொறுப்பாகவே முடிகிறது.

நான்காவது, கணினி. இனி நூலகம் எதற்கு, எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே என்பார் உளர். கிடைப்பது மெய்தான். 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தால் சங்க இலக்கியம் முதலாகப் பல நூல்கள் விலையின்றி நம்மை வந்தடைகின்றன. ஆயினும் அங்கே மெய்யும் பொய்யும் ஒரே உடையணிந்து வருகின்றன. கேட்டவுடன் விடை சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், வேறொருவர் மாறாகச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஊட்டுவது யார்? இரண்டு நூல்களை அருகருகே விரித்து ஒப்பிடக் கற்றுத்தரும் இடம் பள்ளி நூலகமே. கணினி வந்ததால் நூலகரின் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஐந்தாவது, ஊர். சென்னையில் 2010ஆம் ஆண்டு அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023ஆம் ஆண்டு கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. பெருமைப்படத்தக்க மாளிகைகள் அவை. ஆனால் சிற்றூர்ப் பிள்ளைக்கு நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஒரே பெரிய நூல்தொகுதி அதன் பள்ளியில்தான் இருக்கக்கூடும். அது கோடை விடுமுறையில் மூடப்படலாகாது. மாலையில் ஊராருக்கும் திறக்கப்பட வேண்டும். இரவில் எழுத்துக் கூட்டிப் படித்த அந்தத் தாய், மகளின் பெயரில் அன்றித் தம் பெயரிலேயே நூல் பெறும் நாள் வர வேண்டும்.

இதில் இலக்கிய வட்டத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். இவ்வவையில் அமர்ந்திருப்போரில் இளையவர் தொகை குறைவு என்பதை நீங்கள் அறிவீர்கள். இருபதாவது ஆண்டு விழாவில் இந்நாற்காலிகளில் அமரப் போகிறவர்கள் இன்று ஏதோ ஒரு பள்ளியில், பூட்டிய அலமாரிக்கு இப்பால் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டருகே உள்ள பள்ளிக்கு ஒருமுறை செல்லுங்கள். எத்தனை நூல்கள் உள்ளன என்று கேட்காதீர்கள். வழங்கு பதிவேட்டில் எத்தனை பக்கங்கள் நிறைந்துள்ளன என்று கேளுங்கள். நிறைந்திருந்தால் அவ்வாசிரியரைப் பாராட்டுங்கள். அவர் அச்சத்தோடுதான் அதைச் செய்திருப்பார். நிறையவில்லையெனில் கடியாதீர்கள். அவருக்குத் துணைநின்று, இழப்பை ஏற்கும் விதியைப் பெற்றுத் தர முயலுங்கள்.

நான் பணி ஓய்வு பெறும் நாளில் என் பின்னவரிடம் அதே இரண்டு பதிவேடுகளை ஒப்படைப்பேன். "ஒரு நூலும் தொலையவில்லை" என்று என்னால் சொல்ல இயலாது. அலமாரிகளின் சாவிக் கொத்தும் இராது. அழுக்கேறி, ஓரம் மடிந்து, பலமுறை தைக்கப்பட்ட நூல்களைத்தான் காட்ட முடியும். அவை படிக்கப்பட்ட நூல்கள் என்று சொல்லிவிட்டு மனநிறைவோடு விடைபெறுவேன்.