பாட்டி கதையும் ஒரு சிவப்புப் பட்டையும்

இந்த வாரம் கொஞ்சம் போரிங்கான விஷயம்தான். கம்ப்யூட்டர்ல எவ்வளவு இடம் காலியா இருக்குன்னு பார்க்கிறது. இதுக்கெல்லாம் ஒரு எபிசோடான்னு கேட்பீங்க. பாட்டி சொன்ன கதையில பாதிக்கு மேல நான் தொலைச்சது இதனாலதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, லேப்டாப்புல மைக்கை மாட்டி பாட்டியைப் பேச வச்சேன். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த கதையை ஒன்றரை மணி நேரம் சொன்னாங்க. அப்புறம் பார்த்தா, ஃபைல்ல 40 நிமிஷம்தான் இருக்கு. டிஸ்க் நிரம்பி ரெக்கார்டிங் நின்னுபோச்சு. ஸ்கிரீன்ல எச்சரிக்கை வந்திருக்கு. நான் பாட்டி முகத்தையே பார்த்துட்டு இருந்தேன்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். சிடி தரத்துல, சுருக்காத ஸ்டீரியோ ஆடியோவுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி வேணும். 400 எம்பி மிச்சம் இருந்தா 40 நிமிஷம், அவ்வளவுதான்.

விண்டோஸ்ல 'திஸ் பிசி'யைத் திறந்தா, சி டிரைவுக்குக் கீழே ஒரு பட்டை தெரியும். காலி இடம் பத்து சதவீதத்துக்கும் கீழே போனா அது சிவப்பாயிடும். என்னோடது பல வாரமா சிவப்புதான். பார்த்துப் பார்த்துப் பழகிப்போச்சு.

இடத்தை அடைக்கிறது எதுன்னு தெரியணும்னா செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ்னு போங்க. வகை வகையா பிரிச்சுக் காட்டும். இன்னும் தெளிவா வேணும்னா வின்டிர்ஸ்டாட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. பெரிய ஃபைலைப் பெரிய கட்டமா, கலர் கலரா வரைஞ்சு காட்டும். என்னோடதுல டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல ஒரே படம் மூணு தடவை இருந்துச்சு. ரீசைக்கிள் பின்ல மட்டும் 11 ஜிபி! டெலீட் பண்ணா இடம் வந்துடும்னு நினைச்சிருந்தேன். அந்தத் தொட்டியைக் காலி பண்ற வரைக்கும் எல்லாம் டிஸ்க்லயேதான் இருக்கும்.

இப்போ 256 ஜிபி டிஸ்க்ல 40 ஜிபியாவது காலியா வச்சுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில ஒரு தடவை, ரெக்கார்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுவேன்.

தீபாவளிக்குப் போனப்போ பாட்டிகிட்ட மறுபடி கேட்டேன். "அதான் அன்னிக்கே சொன்னேனேடா"ன்னாங்க. சொன்னாங்க, ஆனா கால் மணி நேரத்துல முடிச்சுட்டாங்க.

இதைக் கேட்டு முடிச்சதும் உங்க சி டிரைவை ஒரு தடவை பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.