எங்கள் பக்கத்துச் சோறும் நீரும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த விழாவில் பேச எனக்குத் தரப்பட்ட பொருள், 'உத்திரமேரூர்க்காரர் ஒருவர் விரும்பி உண்ணும் இடங்கள்' என்பதாகும். கவியரங்கத்துக்கும் ஆய்வுரைக்கும் நடுவே இப்படியும் ஒரு தலைப்பா என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. ஆனால் இந்தப் பொருளுக்குத் தமிழில் ஒரு பழைய மரபு உண்டு. அதுவும் நம் தொண்டை நாட்டிலேயே உண்டு.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு. 500 அடிகள் கொண்ட அந்தப் பாட்டைக் காஞ்சிக்குப் போகும் வழியில் எங்கெங்கே என்னென்ன சோறு கிடைக்கும் என்று சொல்லும் நூலாகவும் படிக்கலாம். எயினர் குடியில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும் கிடைக்கும். ஆயர் குடியில் தினைச் சோறும் பாலும். முல்லை நிலத்தில் வரகுச் சோற்றோடு அவரைப் பருப்பு. மருத நிலத்து உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் கோழிப் பொரியலும். ஆலையடியில் கரும்பின் சாறு. அந்தணர் இல்லத்தில் நல்ல நெல்லின் சோற்றோடு, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், கூடவே மாவடு. தோப்புக் குடிகளில் பலாவும் வாழையும் இளநீரும் நுங்கும். கடைசியில் காஞ்சி அரண்மனையில் மன்னன் தானே நின்று, பெற்ற மக்களைப் பார்ப்பதுபோல் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து உண்பிக்கிறான்.

இந்தப் பட்டியலில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, புலவர் எந்த உணவையும் இழித்துப் பேசவில்லை. இரண்டாவது, இதைக் கேட்பவன் பசித்த பாணன். வயிறு நிறைந்தவனுக்கு நாவின் சுவை கூட்டச் சொன்ன செய்தி அன்று அது. பசித்தவனிடம் பசி தீரும் இடத்தைச் சொல்வதே ஆற்றுப்படை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் என் பட்டியலைச் சொல்லப் போகிறேன்.

முதலில் காஞ்சியின் கோயில் இட்லி. வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படுகிற குடலை இட்லியைத்தான் சொல்கிறேன். அரிசியையும் உளுந்தையும் சற்றுக் கரகரப்பாக அரைத்துப் புளிக்கவிட்டு, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள். மந்தாரை இலை வேய்ந்த நீண்ட மூங்கில் குடலையில் அந்த மாவை ஊற்றி, மூன்று மணி நேரம் வரை ஆவியில் வேக வைப்பார்கள். வெந்து வந்ததும் துண்டு போடுவார்கள். மந்தாரை இலையின் மணமும் சுக்கின் காரமும் சேர்ந்த அந்தச் சுவைக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டியதில்லை. ஊரின் உணவு விடுதிகளில் இதே மாவைத் தம்ளரில் ஊற்றி அவித்துத் தருகிறார்கள். அதுவும் நன்றாகவே இருக்கிறது. ஆயினும் குடலை முடைகிற கையும் மந்தாரை இலை பறித்துத் தைக்கிற கையும் இல்லாமற் போனால், பெயர் மட்டும் எஞ்சும்.

இரண்டாவது இடத்துக்குக் கூரை கிடையாது. உத்திரமேரூரிலிருந்து வெளியே செல்லும் சாலைகளில், கோடையில் மரத்தடியில் பானை வைத்துக் கேழ்வரகுக் கூழ் விற்பார்கள். கெட்டியான கூழை மோரில் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்துத் தருவார்கள். களையெடுத்துவிட்டு வரும் பெண்களும் செங்கற்சூளைத் தொழிலாளரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே நிழலில் நின்று குடிப்பார்கள். ஆடி மாதத்தில் இதே கூழ் அம்மன் கோயிலில் வார்க்கப்படும்போது தெய்வத்தின் பிரசாதமாகிறது.

மூன்றாவது, ஏரிக்கரை. பனையிலிருந்து இறக்கிய நுங்கை அங்கேயே வெட்டித் தருவார்கள். அதை விரலால் தோண்டி உண்பதே முறை. கரண்டி கொண்டு வருபவன் வெளியூர்க்காரன். எங்கள் ஊர் ஏரி பல்லவர் காலத்து வயிரமேக தடாகம். அந்த ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் இருந்ததையும், தோட்ட வாரியமும் பொன் வாரியமும் இருந்ததையும் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. குடவோலை முறையை உலகுக்குச் சொன்ன கல்வெட்டுகள் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் ஏரி இருந்தால் நெல், நெல் இருந்தால் சோறு என்ற எளிய உண்மையும் அந்தக் கற்களில் இருக்கிறது. சோற்றைப் பாடுகிற கவிஞன் நீரைப் பாடாமல் இருக்க முடியாது.

பெருமையோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குடவோலையில் பெயர் எழுதப்பட வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும், வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும். வேதம் வல்லவர்க்கு நிலத்தின் அளவில் மட்டும் சலுகை உண்டு. அந்த ஏரி நீரில் நாற்று நட்ட கைகளுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. சோற்றை விளைத்தவர் ஒருவர், அதைப் பற்றி முடிவெடுத்தவர் வேறொருவர்.

இந்தக் கோடு குடத்தோடு நிற்கவில்லை, குவளைக்கும் வந்தது. என் சிறு வயதில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தேநீர்க் கடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். பெஞ்சில் அமர்ந்தவர்களுக்குக் கண்ணாடிக் குவளை. வெளியே குந்தியிருந்த முதியவருக்குத் தகரக் குவளை. குடித்து முடித்ததும் அவரே அதைக் கழுவிக் கூரை ஓலையில் செருகி வைத்தார். தேநீர் ஒரே பாத்திரத்திலிருந்துதான் வந்தது. விலையும் ஒன்றுதான். இரட்டைக் குவளை என்று நாம் சொல்லும் அந்த வழக்கம் நாட்டில் அடியோடு ஒழிந்துவிட்டது என்று இன்றும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலவில்லை.

உண்ணும் இடம் பற்றிய வழக்கு நம் வரலாற்றையே திருப்பியிருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப் பந்தி போட்ட செய்தி 1920களின் நடுவில் தமிழ்நாட்டையே கலக்கியது. அந்தக் கசப்பு ஆறுவதற்குள், 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டு, பெரியார் வெளியேறினார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் கிணறு குளங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் சோற்றுக் கடையும் குளமும் இடம்பெற்றன என்றால், அவற்றில் எவ்வளவு அவமானம் தேங்கிக் கிடந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எனவே நான் விரும்பும் நான்காவது இடத்தைச் சொல்கிறேன். அது அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடம். மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பஞ்சத்தில் வாடியோர்க்குச் சோறிட்டது காஞ்சியில்தான் என்று சாத்தனார் பாடினார். நம் ஊருக்கு வடக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலைக்கும் கல்விச் சாலைக்கும் உணவுக்கான ஏற்பாடுகளைக் குறிக்கிறது. அந்த மரபு 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாகவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாகவும், 2022இல் தொடக்கப் பள்ளிக் காலை உணவாகவும் தொடர்ந்தது. அங்கே எல்லாத் தட்டும் ஒரே தட்டு. எந்தக் குழந்தையின் தட்டும் கூரையில் செருகப்படக் கூடாது. சமைப்பவரின் சாதியைக் கேட்டுச் சில பெற்றோர் குழந்தையை உண்ணவிடாமல் தடுத்த செய்திகள் அவ்வப்போது வருவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கவிஞர் பெருமக்களே! நாம் இந்தப் பத்தாண்டுகளில் நிலவையும் நெசவையும் நிறையப் பாடியிருக்கிறோம். அடுத்த ஆண்டுகளில் நம் வட்டத்தார் அனைவரும் சேர்ந்து ஓர் உத்திரமேரூர் ஆற்றுப்படை பாட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கூழ்ப்பானையும் குடலை இட்லியும் நுங்கும் அதில் வரட்டும். ஒவ்வோர் இடத்தையும் பாடுமுன், அங்கே யார் அமர்ந்தார், யார் நின்றார், யார் கழுவினார் என்று கேட்டுவிட்டுப் பாடுங்கள். எந்தப் பாணன் வந்தாலும் முகம் பார்த்துச் சோறிடும் இடமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்படித் தேர்ந்தெடுத்த இடங்களின் பட்டியல் சிறியதாக இருந்தாலும் குறையில்லை. அதைப் பெரிதாக்குவது நம் அனைவருடைய வேலை.

பந்தி காத்திருக்கிறது.