டிராக்டர் விக்கும்போது

ஃபோர்டு 8என் டிராக்டர் 1947 முதல் 1952 வரை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹைலண்ட் பார்க் ஆலையில் உருவானது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. அந்நாட்டின் சிறு பண்ணைகளில் புல் வெட்டவும் பாரம் இழுக்கவும் இன்றும் பல ஓடுகின்றன. டீசல் டிராக்டரோடு பழகியவர்களுக்கு இதன் இன்ஜின் சற்றுப் புதிது. நான்கு சிலிண்டர், எரிபொருள் பெட்ரோல். கார்புரேட்டரில் காற்றோடு கலக்கும் பெட்ரோலை, பிளக்கில் தெறிக்கும் பொறி கொளுத்துகிறது. பெட்ரோல் குறைந்தாலும், பொறி தளர்ந்தாலும், சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்காமல் போனாலும் இன்ஜின் விக்கும்.

இந்த விக்கலைக் கண்டுபிடிப்பது ஒரு நுண்கலை. அதில் ஸ்பேனருக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. விக்கல் எப்போது வருகிறது என்று கவனிப்பவர் பாதி வேலையை முடித்துவிடுகிறார். எல்லா வேகத்திலும் ஒரே தாளத்தில் ‘டப், டப்’ என்று ஓர் அடி தவறினால், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. சும்மா நிற்கும்போது சீராக ஓடி, மேடேறும்போது மட்டும் திணறினால் பெட்ரோல் போதவில்லை அல்லது பொறி வலுவிழந்திருக்கிறது. அரைமணி நேரம் ஒழுங்காக ஓடி, சூடானதும் அணைந்து, ஆறியபின் மறுபடி கிளம்பினால் அது வேறு கதை.

ஓர் அடி தவறும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக, மின்சாரம் தாக்காத பிடியால் கழற்றிப் பார்ப்பார்கள். எந்த வயரைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றம் தெரியவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் தூங்குகிறது. இந்த இன்ஜினில் பொறி 1, 2, 4, 3 என்ற வரிசையில் செல்ல வேண்டும். வயர்களை மாற்றிச் செருகிவிட்டுக் கார்புரேட்டரைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு.

பொறியின் வலுவைத் திறந்த காற்றில் தாண்டவிட்டுச் சோதிக்கலாம். சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளியை நீலமாக, சுளீரென்று தாண்டினால் நல்ல பொறி. மஞ்சளாக மெலிந்து தாண்டினால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்க வேண்டும். அதற்குள் இருக்கும் பாயின்ட்டுகள் இரண்டு சிறு முனைகள். அவை பிரியும் கணத்தில்தான் காயிலில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. இந்த டிராக்டரில் 1950 வரை டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் முன்முகத்தில், விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதன் பாயின்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர். பிறகு அது பக்கவாட்டுக்கு மாறியது. அங்கே இடைவெளி 0.64 மில்லிமீட்டர். ஒன்றின் அளவை மற்றதற்கு வைத்தால் இன்ஜின் ஒழுங்காக ஓடாது.

முன்பக்க வகையில் உள்ளே குனிந்து அளப்பதைவிட, இரண்டு போல்ட்டைக் கழற்றி டிஸ்ட்ரிபியூட்டரை மேசைக்கே கொண்டுவருவது நல்லது. பாயின்ட்டைத் திறக்கும் நான்கு முகடுகளிலும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முகட்டில் சரியாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருந்தால், தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது. புது பாயின்ட் போட்டும் விக்கல் தீராத பல வண்டிகளில் காரணம் இதுவாகவே இருக்கிறது. ஒரே முகட்டில் அளந்து மூடிவிடுபவருக்கு இது ஒருநாளும் தெரிய வராது.

பெட்ரோல் பக்கம் இன்னும் எளிது. பம்ப் கிடையாது, டேங்கிலிருந்து தானாக இறங்கி வருகிறது. இன்ஜின் ஆறிய நிலையில், அருகில் நெருப்பில்லாத திறந்த வெளியில், கார்புரேட்டரின் அடித்திருகைக் கழற்றிப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். முதலில் கொட்டுவது கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கியிருந்தது, அதை நம்பக்கூடாது. அதற்குப் பிறகும் ஓரிரு நிமிடம் தாரை அறாமல் வருகிறதா என்பதே கேள்வி. சொட்டத் தொடங்கினால் டேங்குக்குள்ளும், அதன் அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் மேலும், கார்புரேட்டர் வாயிலும் இருக்கும் மூன்று வலைகளில் ஒன்றில் துரு அடைத்திருக்கும்.

தாரை நன்றாக வந்தும் த்ராட்டிலைத் திறக்கும்போது திணறினால் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பது அருமையான சோதனை. திணறல் குறைந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை: ஜெட் அடைத்திருக்கலாம், மேனிஃபோல்டு கேஸ்கட் வழியே காற்று கசியலாம். திணறல் கூடினால் பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி. காசு செலவில்லாத இந்த ஒரு சோதனை, கார்புரேட்டரைத் தேவையில்லாமல் பிரித்துப் போடும் வேலையை மிச்சப்படுத்துகிறது.

சூடானதும் அணையும் வண்டியில், அணைந்த அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். ஆறவிட்டால் தடயம் போய்விடும். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியில் குறை இல்லாமல் பொறி மட்டும் காணாமல் போயிருந்தால் காயிலைச் சந்தேகிக்கலாம். இந்த வண்டி 6 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. பின்னாளில் 12 வோல்ட்டுக்கு மாற்றியவர்கள் சிலர் அதற்கேற்ற ரெசிஸ்டர் வைக்காமல் விட்டார்கள். அதனால் காயில் கொதித்து, பாயின்ட்டும் கருகும்.

வால்வு, பிஸ்டன் ரிங் பக்கம் கடைசியில்தான் போக வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் நான்கு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, அந்த அளவும் போதுமானதாக இருந்தால் அங்கே குறை இல்லை.

எதைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, பாரம் இழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். பாயின்ட், கன்டென்சர், பிளக் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் விக்கல் நிற்கலாம். எதனால் நின்றது என்பது தெரியாது, புதிதாகப் போட்ட ஒன்று பழுதாக இருந்தாலும் தெரியாது. அரைமணி நேர உழைப்புக்குப் பிறகு கழற்றிய பிளக்கின் மூக்கு கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. இளம் பழுப்பாக இருந்தால் டிராக்டர் வயலுக்குத் தயார்.