நாசரேத்தூர்க்காரர்களின் கோபம்



லூக்கா நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில், இயேசு தாம் வளர்ந்த நாசரேத்துக்கு வருகிறார். தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டை வாசிக்கிறார். அந்த வாக்கு இன்று நிறைவேறிற்று என்கிறார். இவ்வளவு பெரிய வார்த்தையைக் கேட்டும் ஊரார் கோபப்படவில்லை. பாராட்டுகிறார்கள். நம்ம யோசேப்பு மகன்தானே என்று வியக்கிறார்கள்.

கோபம் வருவது அடுத்த பேச்சில்தான். எலியாவின் காலத்தில் பஞ்சம் வந்தபோது இஸ்ரயேலில் எத்தனையோ கைம்பெண்கள் இருந்தும், இறைவாக்கினர் அனுப்பப்பட்டது சீதோன் பகுதிச் சாரிபாத்தில் இருந்த ஒருத்தியிடம். எலிசாவின் காலத்தில் தொழுநோய் நீங்கியவர் சிரியாக்காரரான நாமான். இரண்டும் அவர்களுடைய மறைநூலிலேயே உள்ள கதைகள். அதைச் சொன்னதும் அவரை மலை உச்சிக்கு இழுத்துப் போய்த் தள்ளப் பார்க்கிறார்கள். நம்ம ஊர்ப் பிள்ளை பிறத்தியாருக்கும் உரியவர் என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை.

சொந்த ஊர்மேல் பாசம் வைப்பது பாவமல்ல. எருசலேமைப் பார்த்து ஆண்டவர் அழுதிருக்கிறார். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவை நெல்லை அருகே கொட்டியபோது நம் மக்கள் கொதித்தது நியாயம். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரள அரசே அதை அள்ளிக்கொண்டு போனது. மொழியும் அப்படித்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டை மக்கள் மொழிக்குத் திறந்துவிட்டது. அதனால்தான் இன்று நாம் தமிழில் திருப்பலி காண்கிறோம். அதற்கும் வெகுகாலம் முன்னே இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றி, நம் மொழிக்குச் சதுரகராதி செய்து தந்தார். அவரை வெளியூர்க்காரர் என்று நாம் தள்ளவில்லை. (தள்ளியிருந்தால் நமக்குத்தான் நட்டம்.)

இன்று உலகெங்கும் கேட்பது வேறு குரல். 2016-இல் இங்கிலாந்து உள்ளிட்ட ஐக்கிய இராச்சியத்து மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். அமெரிக்காவில் எல்லைச் சுவரே தேர்தல் பேச்சானது. இவர்களையெல்லாம் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆலை மூடிப்போன ஊரில், பிழைப்பு கைவிட்டுப்போனவனுக்கு உலகமயம் என்பது வெறும் வார்த்தைதான். அவனுடைய பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்கு ஒரு முகம் காட்டி, இவனால்தான் உனக்கு இந்தக் கதி என்று சொல்லிக்கொடுப்பவர்களிடம்தான் நமக்கு வழக்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் எழுதிய ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்ற சுற்றுமடலில், உலகத்தைப் பார்க்கும் கண்ணும் வேண்டும், சொந்த மண்ணில் ஊன்றிய காலும் வேண்டும் என்ற கருத்தை விரிவாகச் சொல்கிறார். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க முடியாது.

நம் பக்கம் வருவோம். செங்கோட்டை போகிற வழியில் பிரானூர் பார்டர் இருக்கிறது. அங்கே இப்போது எந்த எல்லையும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை அதற்கு அப்பால் திருவிதாங்கூர்-கொச்சி. அன்றைக்குச் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நேற்று வேற்று மாநிலத்தார், இன்று நம்மவர். கோடு புளியரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பார்டர் என்ற பெயரும் பரோட்டாவும் மட்டும் இங்கேயே நின்றுவிட்டன.

அந்தப் பார்டரில் மரம் அறுக்கிறவர்கள், குற்றாலம் சீசனில் ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிறவர்கள், கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர்கள் என்று பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பிள்ளைகள். வடக்கன் என்கிறோம். பெயர் கேட்பதில்லை. வாடகைக்கு அறை கேட்டால் இல்லை என்கிறோம், இல்லையென்றால் பத்துப் பேரை ஒரே அறையில் அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தாரை அடிக்கிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து ஒரு குழு நேரில் வந்து விசாரித்தது. செய்தி பொய்தான். ஆனால் பயந்து ரயிலேறியவர்களின் பயம் பொய்யல்ல. நம் பேச்சு வேறுமாதிரி இருந்திருந்தால், அந்தப் பொய் அவ்வளவு எளிதில் செல்லுபடியாகியிருக்குமா?

1966-இல் பம்பாயில் சிவசேனை தொடங்கியபோது மண்ணின் மைந்தர் என்ற கோஷம் யாருக்கு எதிராக எழுந்தது? மதராசிகளுக்கு எதிராக. தாராவியில் குடியேறிய தமிழர்களில் மிகப் பலர் நம் நெல்லைச் சீமையிலிருந்து போனவர்கள். அங்கே நம் ஆட்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் இதே வார்த்தைகள்: குறைந்த கூலிக்கு வருகிறான், நம் பாஷை தெரியாது, அழுக்காக இருக்கிறான். எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள் என்பதைக் காரணம் காட்டித்தான் அந்நியரை ஒடுக்காதே என்று விடுதலைப் பயண நூல் கட்டளையிடுகிறது. நமக்கு எகிப்துவரை போகவேண்டியதில்லை. தாராவி போதும்.

கூலி குறைகிறதே என்று கேட்கும் நம்மூர்த் தொழிலாளியின் கேள்வி சரியானது. பதில் சொல்ல வேண்டியவர் ஏஜென்டும் முதலாளியும். அந்தப் பிள்ளைக்கும் நம்மவருக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று கேட்டால், இருவரில் ஒருவரும் தோற்கமாட்டார். ஆலை வைத்திருக்கும் நம் பங்கு மக்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

எங்கள் ஆலயத்தில் ஞாயிறு காலைத் திருப்பலிக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆறேழு இளைஞர்கள் வருகிறார்கள். பிறப்பிலேயே கத்தோலிக்கர்கள். நம்மில் சிலரைவிட ஒழுங்காக வருகிறார்கள். கடைசித் தூணருகே நிற்கிறார்கள். சமாதானம் தெரிவிக்கும்போது யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. பங்குப் பேரவையில் பேசி முடிவு செய்திருக்கிறோம்: வரும் ஞாயிறு முதல் வாசகத்தை அவர்களில் ஒருவர் இந்தியில் வாசிப்பார், தமிழ் வாசகம் தாளில் தரப்படும். வாடகைக்கு விட அறை உள்ளவர்கள் திருப்பலி முடிந்ததும் பங்குப் பணிமனையில் பெயர் கொடுக்கலாம்.